கண்ணகி கோயில் இராசராசேசுவரி கோயிலாக மாறும்போது யாருக்கு இடம் கிடைக்கிறது? – வன்னியில் சமயச் சீர்திருத்தம் பற்றிய விவாதம்

அலைகரை

வணக்கம். இலங்கையின் வடக்கே, வன்னியில், ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், குளக்கட்டின் கீழே பாலை மரத்தடியில் கண்ணகி அம்மன் கோயில் ஒன்று உள்ளது. போர் முடிந்து மீள்குடியேறியபோது கூரையில்லாத சுவர்களே எஞ்சியிருந்தன. ஊரவர் தகரம் போட்டு விளக்கேற்றினார்கள். இப்போது புலம்பெயர்ந்து வாழும் எம்மூரவரின் நிதி சேர்ந்திருப்பதால், ஆலய பரிபாலன சபை பெரிய திருப்பணி ஒன்றைத் திட்டமிட்டுப் புதிய யாப்பு (கோயில் நிருவாக விதிகள்) வரைவையும் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறது. அந்த வரைவின்படி, கும்பாபிஷேகத்தோடு அம்மனின் திருநாமம் இராசராசேசுவரி என்று மாறும். பரம்பரையாகப் பூசை செய்துவரும் பூசாரியார் குடும்பம் விலகி, ஆகம முறைப்படி பூசை செய்யும் குருக்கள் நியமிக்கப்படுவார். சபையில் உறுப்புரிமை பெறுபவர் திருவிழா நாளின் செலவை ஏற்கும் பரம்பரை உபயகாரக் குடும்பமொன்றின் ஆண் தலைவராக இருத்தல் வேண்டும். இவை சமயச் சீர்திருத்தங்கள் என்று சபையினர் மனமார நம்புகிறார்கள். அவர்களுடைய பக்தியிலும் உழைப்பிலும் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் ஒரு மாற்றத்தைச் சீர்திருத்தம் என்று ஏற்பதற்கு, அதற்குப் பிறகு கோயிலுக்குள் புதிதாக வரக்கூடியவர்கள் யார், இருந்த இடத்தை இழப்பவர்கள் யார் என்று பார்ப்பதே சரியான அளவை என்று நான் கருதுகிறேன். அந்த அளவையில் இந்த வரைவு தேறவில்லை.

எங்கள் வைகாசிப் பொங்கலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பொங்கலுக்காகப் பாக்குச் சேகரிக்கும் பாக்குத் தெண்டல் சடங்கோடு ஊர் முழுவதும் விரதத்துக்குள் வந்துவிடும். பொங்கலன்று மடைப்பண்டம் (படையல் பொருட்கள்) ஊர்வலமாக வந்து சேர்ந்ததும், பூசாரியார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு வளந்து (பொங்கற் பானை) நேருவார். முதற்பிடி அரிசி, காலபோக நெல்லை உரலில் குற்றி எடுத்ததாக இருக்க வேண்டும்; அதைக் குற்றி, குருணை நீக்கிப் புதுச் சுளகில் ஏந்தி வருவது ஒரு குடும்பத்துப் பெண்களின் உரிமை. பானை வனைந்து தருபவர் வேறு, மேற்கட்டிக்கு வெளுத்த துணி தருபவர் வேறு, கோவலன் கதையை இராகத்தோடு படிப்பவர் வேறு. நள்ளிரவில் உருவேறி வருபவர்களுள் பெண்களும் உண்டு, அந்நேரத்தில் சபைத் தலைவரும் அவர்கள் முன் கைகூப்பித்தான் நிற்பார். இந்த ஒழுங்கு சாதிக் கடமைகளின் மீது கட்டப்பட்டது என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் இதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கேட்டுப் பெறக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. புதிய வரைவு சாதியை அப்படியே வைத்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடுகிறது. குருக்கள் உள்ளே பூசை செய்வார், உபயகாரர் முன்வரிசையில் நிற்பர், ஏனையோர் கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்று பார்ப்பர்.

யாழ்ப்பாணத்தில் இது முன்னரே நடந்து முடிந்துவிட்டது. ஆறுமுக நாவலர் (1822–1879) சைவத்தை ஆகம நெறியில் நிறுத்த முனைந்தபோது, உயிர்ப்பலியையும் கோயிற் சதிர் நடனத்தையும் கண்ணகி வழிபாட்டையும் ஒருங்கே கண்டித்தார். அவருக்குப் பின் குடாநாட்டில் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி என்னும் பெயர்களைப் பெற்றன. வன்னியில் அந்த அலை அவ்வளவாக எட்டவில்லை. காடும் மலேரியாவும் தூரமும் எங்களைப் பின்தங்க வைத்தன என்பார்கள். அந்தத் தூரமே வற்றாப்பளைக் கண்ணகியை அவளுடைய பெயரோடு காத்தது. இன்றும் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுக்கும் கடல்நீர், முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்காக எரிந்த பிறகே வற்றாப்பளைப் பொங்கல் நடைபெறுகிறது. எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பல்லாயிரம் பேர் வருகிறார்கள்.

சீர்திருத்த இயக்கங்களைக் கற்றவர்களும், தத்தம் ஊர்க் கோயில்களில் இத்தகைய மாற்றங்களைக் கண்டவர்களும் கருத்துச் சொல்லுங்கள். பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து பேசவிருக்கிறேன். ஆத்திரத்தோடு பேசி ஊரை இரண்டாக்காமல், தெளிவோடு பேச விரும்புகிறேன்.

ஓய்வுநிலை ஆசிரியர், வவுனியா

தம்பி அலைகரை, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் நாவலர் பெருமானை இவ்வளவு சுருக்கமாகக் கடந்துபோவதை ஏற்க என்னால் இயலவில்லை. அவர் சீர்திருத்தத்தைச் சடங்கில் தொடங்கவில்லை, பள்ளிக்கூடத்தில் தொடங்கினார். பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தபோது, மிசனரிமார் அச்சகத்தையும் பாடசாலையையும் பிரசங்கத்தையும் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பதை அருகிலிருந்து கண்டார். 1847 டிசெம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கம் செய்தார். அடுத்த ஆண்டே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைக்குச் சைவனாக இருந்துகொண்டே எழுத்தறிவு பெறும் வழியைத் திறந்தவர் அவர். பால பாடமும் சைவ வினாவிடையும் இல்லாதிருந்தால் இன்று நீங்களும் நானும் இப்படி எழுதிக்கொண்டிருப்போமா என்பது எனக்கு ஐயமே. 1877 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அவர் நடத்திய கஞ்சித்தொட்டித் தருமத்தையும் மறக்கலாகாது.

வன்னியைப் பொறுத்தவரை, திருக்கேதீச்சரத்தை எண்ணிப் பாருங்கள். மன்னார்க் காட்டுக்குள் மறைந்து கிடந்த அந்தப் பாடல்பெற்ற தலத்தை மீட்க வேண்டுமென 1872 இல் குரல் கொடுத்தவர் நாவலரே. அவர் மறைந்த பின்னர், 1893 இல் சைவர்கள் அந்த நிலத்தை ஏலத்தில் வாங்கினார்கள். 1948 இல் சேர் கந்தையா வைத்தியநாதன் தலைமையில் திருப்பணிச் சபை அமைந்தது. 1976 இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆகம நெறி என்ற பொது ஒழுங்கு இருந்ததால்தான் தலைமுறை தாண்டிய அந்தப் பணி சாத்தியமாயிற்று. ஊருக்கொரு வழக்கம், பூசாரிக்கொரு முறை என்று விட்டிருந்தால், கோயில் ஒருவருடைய குடும்பச் சொத்தாகவே முடிந்திருக்கும். உங்கள் பூசாரியார் குடும்பம் நல்லவர்களாக இருக்கலாம், ஆனால் அவர்களுடைய உரிமையும் பிறப்பால் வந்ததுதான்.

சாதி விடயத்தில் நாவலர் தம் காலத்தைக் கடக்கவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. அவருடைய பாடசாலைகளின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. அதைத் தனியாகக் கண்டியுங்கள், நானும் உடன் வருகிறேன். ஆனால் அதற்காக ஆகம ஒழுங்கையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

பாரதிபுரத்தான்

ஆசிரியர் ஐயாவுக்கும் அலைகரை அண்ணருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்கு வந்தது. தோட்டத்தில் கும்பிட்ட முனியாண்டியையும் மாரியம்மனையும் எங்கள் பாட்டனார் இங்கே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்தார். நீங்கள் இருவரும் பேசுகின்ற சீர்திருத்தம் எங்களிடம் எப்போதும் கட்டளையாகவே வந்திருக்கிறது. 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் யாழ் மாவட்டக் கோயில்களில் வேள்வி எனப்படும் உயிர்ப்பலிக்குத் தடை விதித்தது. மறு ஆண்டு, இந்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தச் செய்திகள் வந்த நாட்களில், அருகிலுள்ள பெரிய கோயிலின் சபையினர் எங்களிடம் வந்து, இனிமேலாவது நாகரிகமாகக் கும்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதே சபைக்கு நாங்கள் ஆண்டுதோறும் வரிப்பணம் கட்டுகிறோம், தேர் இழுக்க வடம் பிடிக்கிறோம். திருவிழாவில் ஒரு நாள் உபயம் எங்களுக்குத் தரும்படி கேட்டபோது, எல்லாம் பரம்பரை என்று மறுத்துவிட்டார்கள்.

என்னை நீங்கள் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. நான் கடா வெட்டுவதை ஆதரிப்பவன் அல்லன். வடலூர் வள்ளலார் காட்டிய சீவகாருணியத்தை முழு மனத்தோடு ஏற்பவன். எங்கள் வீட்டில் பலியை நிறுத்தியவர் என் தாயார். சின்னத் தம்பிக்குக் காய்ச்சல் கண்டபோது நேர்ந்த கடாவை, அது குட்டியாக வந்த நாளிலிருந்து அவனே தவிடும் குழையும் வைத்து வளர்த்தான். நேர்த்திக்கடன் நாளன்று அதை அவிழ்க்கப் போனபோது அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அம்மா அன்றே முனியாண்டியிடம் போய், இனி இந்த வீட்டிலிருந்து நீற்றுப் பூசணிக்காய்தான் வரும் என்று சொல்லிவிட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அயல்வீட்டவரும் அதையே செய்தார்கள். எந்தச் சபையும் எங்களிடம் அப்படிப் பேசியதில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எங்களை வெட்கப்படுத்துவதுதான்.

ஆசிரியர் ஐயா சாதியைத் தனியாகக் கண்டிக்கச் சொல்கிறார். ஐயா, அது தனியாக இருப்பதில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்ல முயன்றபோது, அவர்களைத் தடுத்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கிய சி. சுந்தரலிங்கம், 1947 இல் உங்கள் வவுனியாவின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர், கணிதப் பேராசிரியர், அமைச்சராகவும் இருந்தவர். கல்வியறிவு இல்லாமையால் அவர் அங்கு போய் நிற்கவில்லை. ஆகமத்தையும் கோயில் வழக்கத்தையும் காப்பதாகச் சொல்லிக்கொண்டே நின்றார். கோயிலில் சாதி பார்த்துத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேயே வந்திருந்தது. சட்டம் வந்து பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னும் வாசலில் போராட வேண்டியிருந்தது.

அலைகரை

தம்பி பாரதிபுரத்தான், உங்கள் தாயார் செய்ததை எங்கள் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல அனுமதி தாருங்கள். உள்ளிருந்து எழுந்த மாற்றம் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கேட்டதில்லை. ஆசிரியர் ஐயாவின் ஒரு வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்: பூசாரியாரின் உரிமையும் பிறப்பால் வந்ததே. ஆனால் வரைவு பிறப்புரிமையை ஒழிக்கவில்லை, ஒரு குடும்பத்திடமிருந்து எடுத்து இன்னொரு பிறப்புக்குக் கொடுக்கிறது.

செம்பருத்தி

அலைகரை அண்ணா குறிப்பிட்ட யாப்பு வரைவில் 'ஆண் தலைவர்' என்ற நிபந்தனையை யாருமே இதுவரை தொட்டுப் பேசவில்லை. இழையில் இவ்வளவு எழுதிய பின்னும் அது ஒருவருடைய கண்ணையும் உறுத்தவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. வன்னியில் எத்தனை வீடுகளில் இன்று ஆண் தலைவர் இருக்கிறார்? எங்கள் ஒழுங்கையில் எண்ணிப் பார்த்தாலே போதும். காணி உறுதி பெண்ணின் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடனைப் பெண் கட்டுகிறாள், கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் பெண் கையெழுத்திடுகிறாள், கோயில் வரியையும் பெண்ணே கொடுக்கிறாள். சபையில் மட்டும் அவளுக்கு இருக்கை இல்லை.

என் கணவர் 2009 இல் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட பின் திரும்பி வரவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று நான் ஏற்கவில்லை. ஆதலால் பொட்டையும் தாலியையும் கழற்றவில்லை. எங்கள் ஊர்க் கோயிலொன்றில் கும்பாபிஷேகத்தின்போது பெண்கள் கும்பம் ஏந்தி வீதிவலம் வந்தார்கள். நானும் மஞ்சள் சேலை உடுத்து, தோய்ந்த தலையோடு வரிசையில் நின்றேன். சபையைச் சேர்ந்த ஒருவர் வந்து, என் கையிலிருந்த கும்பத்தை மெதுவாக வாங்கி, எனக்குப் பின்னால் நின்ற பிள்ளையிடம் கொடுத்தார். திட்டவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. 'நீங்கள் அங்கால நில்லுங்கோ பிள்ளை' என்று சொன்னார். சுமங்கலியா இல்லையா என்று எனக்கே விடை தெரியாத கேள்விக்கு அவர் விடை வைத்திருந்தார். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயில் முன்றலில்தான் போராட்டத்தைத் தொடங்கினார்கள். கோயில் வாசலில் இருந்து அழுவதற்கு எங்களுக்கு இடம் உண்டு, மங்கலப் பொருளைத் தொடுவதற்குத்தான் இல்லை.

சீர்திருத்த இயக்கங்களின் வரலாற்றில் விதவைகளின் நிலை முதல் வரிசையில் இருந்த கேள்வி என்பதை நாம் இங்கு மறந்துவிட்டோம். வங்காளத்தில் ஈசுவர சந்திர வித்தியாசாகர் சாத்திர நூல்களையே எடுத்துக் காட்டி வாதாடியதன் பின், 1856 இல் விதவை மறுமணத்துக்கான சட்டம் வந்தது. தெலுங்கு நாட்டில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881 இல் இராசமந்திரியில் முதல் விதவைத் திருமணத்தைச் செய்துவைத்தார். ஊரே அவரைத் தள்ளிவைக்கப் பார்த்தும் அவர் பின்வாங்கவில்லை. நமக்கு அண்மையில், தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலின் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008). ஆகம வழியிலான பெரிய கோயில்தான் அது. அவர் தலைமை தாங்கியதால் அங்கே தீட்டு எதுவும் வந்துவிடவில்லை. கோயில் வருமானத்தில் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கான இல்லம் எழுந்தது. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி வழிபாட்டு மன்றங்களில் பெண்கள் கைம்பெண், சுமங்கலி என்ற வேறுபாடின்றித் தாங்களே அபிஷேகம் செய்கிறார்கள். எங்கள் பகுதிப் பெண்கள் பலர் ஏன் செவ்வாடை உடுத்து அங்கே போகிறார்கள் என்று சபைக்காரர் வியப்பதுண்டு. காரணம் கும்பத்தைப் போலவே கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது.

அண்ணாவிடம் ஒரு கேள்வி. உங்கள் பொங்கலில் முதற்பிடி அரிசி குற்றும் உரிமை பெண்களுக்கு உண்டு என்றீர்கள். அந்தக் குடும்பத்தில் கணவனை இழந்த பெண் உலக்கையைத் தொடலாமா?

அலைகரை

அக்கா, தொடுவதில்லை. அவர்கள் அடுப்படியில் விறகு எடுத்துக் கொடுப்பார்கள். இந்த வழக்கத்தை நான் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன், அதை மாற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயம்.

நெடுங்கேணி வாசகர்

இந்த இழையில் இரு தரப்பாரும் ஒரு முடிவை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது: வழிபாட்டு வடிவம் மாறினால் எளியவர் இடம் இழப்பர் என்பது. நாராயண குருவின் வரலாறு அதற்கு மாறானது. அவர் 1888 இல் அருவிப்புரத்தில், ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிட்டை செய்தார். பிராமணரல்லாத ஒருவர், அதிலும் கோயிலுக்குள் விடப்படாத ஈழவர் குலத்தவர், பிரதிட்டை செய்தது அன்றைய கேரளத்தில் எண்ணிப் பார்க்க முடியாத செயல். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறந்தவராக வாழும் இடம் இது என்ற பொருளில் அங்கே எழுதிவைத்தார். அவர் மாடன், சாத்தன் முதலிய தெய்வங்களுக்கு நடந்த பலியையும் கள் படைத்தலையும் நிறுத்தினார்; அந்த இடங்களில் சிவனையும் முருகனையும் வைத்தார். அந்த அளவில் அவர் செய்தது நாவலர் செய்ததை ஒத்ததே. ஆனால் கோயிலின் கதவையும் கருவறையையும் அதே கையால் திறந்தார், தம் மக்களுக்குப் பூசை முறையைக் கற்பித்தார், கோயிலோடு பாடசாலையையும் வைத்தார். பின்னாளில், 1927 இல், களவங்கோட்டில் விக்கிரகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியையே பிரதிட்டை செய்யும் அளவுக்குச் சென்றார். 1924 இல் வைக்கத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகமும், 1936 இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனமும் அவர் உழுத நிலத்தில் விளைந்தவை.

ஆகவே அலைகரை அவர்களே, கண்ணகி என்ற பெயரையும் வாய்கட்டிப் பூசையையும் காப்பதோடு உங்கள் பேச்சு நின்றுவிடக் கூடாது. பழைமை என்பதாலேயே அது எளியவர் பக்கம் நிற்கும் என்று கொள்ள முடியாது. சற்று முன் உங்கள் விடையே அதைக் காட்டிற்று. ஆகமப் பூசையைக் கேட்பவர்களிடம், ஊரிலுள்ள எந்தப் பிள்ளை விரும்பினாலும் அதைக் கற்றுப் பூசகராகலாமா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கும் சட்டம் 1970 இல் வந்தது, வழக்குகளைத் தாண்டிப் பயிற்சி பெற்ற பிற சாதியினர் 24 பேர் அர்ச்சகராக நியமனம் பெற்றது 2021 ஆகஸ்டில்தான். அரை நூற்றாண்டு ஆயிற்று. நம்முடைய ஊர்க் கோயில்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. யாப்பில் ஒரு வசனத்தை மாற்றினால் போதும்.

மேளகாரர் பேரன்

நான் அலைகரை அவர்களின் ஊருக்கு அயலூரைச் சேர்ந்தவன். கண்ணகி கோயில் பொங்கலுக்குப் பறைமேளம் அடித்த குடும்பம் எங்களுடையது. முதல் பதிவில் 'ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம்' என்று வாசித்தபோது, என் பாட்டனார் நின்ற இடத்தை எண்ணிப் பார்த்தேன். அவர் மேளம் இல்லாமல் அம்மனுக்கு மடை பரவ முடியாது. ஆயினும் அவர் வீதியின் வடக்கு மூலையில், பந்தலுக்கு வெளியே நின்றே அடித்தார். பொங்கல் சோறு அவருக்குக் கடைசியாக, தனிப் பனையோலைப் பெட்டியில் வந்தது. என் தகப்பனார் அந்தக் கடமையை மறுத்துவிட்டுத் தச்சு வேலை பழகினார். அவர் மறுத்ததும் ஒரு சீர்திருத்தமே. அதை எந்தச் சபையும் ஏடும் பதிவுசெய்யவில்லை. சபையினர் இப்போது நாதசுரமும் தவிலும் கொண்டுவருவதால் பறை அழிகிறது என்று சிலர் வருந்துகிறார்கள். அது எங்கள் கையிலிருந்து பிடுங்கப்படவில்லை, நாங்களே கீழே வைத்தோம்.

அதே நேரம் எனக்கு அந்தத் தாளம் இன்னும் தெரியும். பாட்டனார் என் தொடையில் தட்டிக் கற்றுத் தந்தது. விரும்பியவர் எவரும் கற்று, பந்தலுக்குள்ளே, அம்மனுக்கு நேரெதிரே நின்று அடிக்கலாம், அதற்குரிய ஊதியமும் ஏனைய கலைஞருக்கு நிகராக வழங்கப்படும் என்று ஊர் எழுதித் தந்தால், உங்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கற்றுத்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். பழைய மூலைக்குத் திரும்பி வருமாறு அழைத்தால் வரமாட்டேன்.

ஓய்வுநிலை ஆசிரியர், வவுனியா

செம்பருத்தி பிள்ளையின் பதிவையும் மேளகாரர் பேரனின் பதிவையும் வாசித்த பின் வாதத்தை நீட்டிக்க எனக்கு மனம் வரவில்லை. நாவலர் பற்றிய என் மதிப்பு மாறவில்லை, ஆகமப் பூசையின் ஒழுங்கும் அமைதியும் எனக்கு என்றும் நிறைவு தருபவை. ஆனால் அந்தப் பிள்ளையின் கையிலிருந்து கும்பத்தை வாங்கியதற்கு எந்தச் சிவாகமத்தையும் சான்றாகக் காட்ட முடியாது. அது ஊரின் பயம், சைவத்தின் கட்டளை அன்று. மூன்று வயதில் உமையம்மையிடம் பால் பெற்ற சம்பந்தப்பிள்ளையார், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட பாணர் குலத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் அவருடைய மனைவி மதங்கசூளாமணியாரையும் தம்மோடு தலந்தோறும் அழைத்துச் சென்றார். திருநீலநக்கர் வீட்டில் அவர்கள் இருவரையும் வேள்விக் குண்டத்தின் அருகே தங்க வைத்தபோது, அந்தத் தீ வலஞ்சுழித்து ஓங்கி எரிந்தது என்று பெரிய புராணம் சொல்கிறது. குருக்கள் பூசை செய்யும் கோயிலிலும் இதைச் சொல்லிக் கேட்கலாம். அதற்குச் செவிகொடுக்காதவர் ஆகமத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வேறொன்றைக் காக்கிறார்.

தம்பி, கூட்டத்தில் பெயர் மாற்றத்தை எதிர்ப்பதிலேயே நேரத்தைச் செலவிட்டுவிடாதீர்கள். யாப்பின் உறுப்புரிமைப் பிரிவை முதலில் எடுங்கள். உறுப்பினர் யார் என்பது மாறினால், அம்மனை என்ன பெயரால் அழைப்பது என்பதை அந்த உறுப்பினர்களே தீர்மானிப்பார்கள். கோயிலை இந்து சமய அலுவல்கள் திணைக்களத்தில் பதிவுசெய்யும்போது யாப்பின் படியைக் கேட்பார்கள். ஆதலால் இப்போது எழுதப்படுவது நீண்ட காலம் நிற்கும்.

பாரதிபுரத்தான்

ஆசிரியர் ஐயா, நன்றி. உறுப்புரிமையோடு உபயத்தையும் சேர்த்து எழுதுங்கள். வரி கட்டுகிற எல்லாருக்கும் சீட்டுக் குலுக்கி உபய நாள் தரும் முறை இல்லையென்றால், உறுப்புரிமை வெறும் பெயராகவே இருக்கும்.

அலைகரை

எல்லாருடைய பதிவுகளையும் அச்சிட்டு, பூசாரியாரிடமும் சபைச் செயலாளரிடமும் நேரில் கொடுத்தேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார், ஆண் தலைவர் என்ற சொல் பழைய யாப்பிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது என்றும், மாற்றுவதில் தமக்கு மறுப்பில்லை என்றும் சொன்னார். பரம்பரை உபயத்தை மாற்றுவது கடினம், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்கள் தங்கள் தகப்பனாரின் திருவிழா நாளைக் கேட்பார்கள் என்றார். பூசாரியார் நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். தம் மகன்மார் இருவரும் வெளிநாட்டில் இருப்பதாகவும், தமக்குப் பின் வாய்கட்டிப் பூசை செய்ய ஊரில் எந்தப் பிள்ளை முன்வந்தாலும் விரதமும் ஒழுக்கமும் இருந்தால் கற்றுத்தருவதாகவும் கூறினார். பெண்பிள்ளையாக இருந்தால் என்ன என்று நான் கேட்டேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அந்த உரையாடலுக்குப் பின் நான் முன்வைக்கவுள்ள திருத்தம் இது: 'கோயிலின் வரிப்பதிவேட்டில் பெயருள்ள, ஊரில் வதியும் வயது வந்த ஆணும் பெண்ணும், சாதி, பூர்வீகம், திருமண நிலை ஆகிய வேறுபாடின்றிப் பொதுச்சபை உறுப்பினராவர். நிருவாக சபையில் அரைவாசிக்குக் குறையாதோர் பெண்களாக இருத்தல் வேண்டும். பொங்கல், கும்பம் ஏந்தல், அரிசி குற்றல், மேளம் ஆகிய பணிகளில் எவரும் கணவனை இழந்தமை காரணமாகவோ பிறப்புக் காரணமாகவோ விலக்கப்படலாகாது. பூசகர் பயிற்சி விரும்பும் எவருக்கும் உரியது. புதிதாக ஏற்படும் உபய நாட்கள் பொதுச்சபையில் குலுக்கல் முறையில் வழங்கப்படும்.' பழைய உபய நாட்களை இப்போது தொடவில்லை. வைகாசியை அடுத்து வரும் பத்துத் திருவிழா நாட்களில் நான்கு புதியவை என்பதால், அந்த நான்கிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். மேளகாரர் பேரன் அவர்கள் இசைந்தால், பந்தலுக்குள் மேளம் நிற்கும் இடத்தையும் திருப்பணி வரைபடத்திலேயே குறிக்கச் சொல்வேன்.

மேளகாரர் பேரன்

இசைகிறேன். வரைபடத்தில் குறித்த பின் ஒரு படியை எனக்கும் அனுப்புங்கள்.

செம்பருத்தி

'திருமண நிலை' என்பதோடு, கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்பதையும் வெளிப்படையாகச் சேர்த்துவிடுங்கள் அண்ணா. அந்த நிலைக்கு ஊர் வழக்கத்தில் பெயரே இல்லாததால், எழுதாவிட்டால் பிறகு யாரோ ஒருவர் தம் விருப்பப்படி பொருள்கொள்வார்.

ஓய்வுநிலை ஆசிரியர், வவுனியா

'வயது வந்த' என்ற இடத்தில் '18 வயது நிரம்பிய' என்று எழுதுங்கள். 'ஊரில் வதியும்' என்பதற்கும் ஒரு கால எல்லை வேண்டும், இல்லையேல் மீள்குடியேற்றத்துக்குப் பின் வந்து காணி அனுமதிப்பத்திரம் இன்னும் கிடைக்காதவர்களை அதைக் காட்டியே விலக்குவார்கள். 'காணி ஆவணம் கோரப்படலாகாது' என்று ஒரு வசனம் சேர்த்தால் போதும். திருத்தத்தைக் கூட்டத்துக்கு முன்னரே எழுத்தில் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்குக் கையெழுத்து வாங்குங்கள்.